ஐம்பது கேள்வி, முப்பது நிமிடம்

மில்லிக்கன், ரொறன்ரோ
22.01.2023

என் அன்பு துர்க்கா,

கனடா முத்திரையைக் கண்டதும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. நான், உன் அண்ணா, பிள்ளை அட்சயா மூன்று பேரும் சுகம். குளிர்தான் எலும்பைக் கடிக்கிறது. உன் கால் நோ எப்படி? குழம்பில் புளி காணாது என்று உன் வீட்டுக்காரர் இன்னும் முறைக்கிறாரா?

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது. போனை எடுத்தால் உன் அண்ணா "ஸ்பீக்கரிலை போடும்" என்பார். வாட்ஸ்அப் அதைவிட மோசம். போன வருடம் என் இரத்தப் பரிசோதனை முடிவை எண்பத்துநான்கு பேர் இருக்கிற குடும்பக் குழுவில் போட்டு, "கொலஸ்ரோல் கொஞ்சம் கூட" என்று கீழே விளக்கமும் எழுதின மனுசன் அவர். அதனால்தான் பேனையை எடுத்தேன்.

துர்க்கா, நான் படிக்கப் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே வாசி.

இங்கே மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாகக் கிறீம் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிறேன். போன ஆவணியில் அட்சயாவுக்கு அப்பென்டிக்ஸ் வெட்டினபோது, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் நீலத் துணியில் சுற்றிய தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போனாள். "உது என்ன?" என்று கேட்டேன். ஒப்பரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, கிருமி நீக்கி, எண்ணி அடுக்கி அனுப்புவதுதான் அவளுடைய வேலையாம். அதற்கென்று ஒரு படிப்பும் இருக்கிறதாம். இது எனக்கென்றே செய்த வேலை என்று அந்த இடத்திலேயே நெஞ்சில் பட்டுவிட்டது.

ஷெப்பேர்ட் தெருவில் ஒரு கொலிஜ் புரட்டாதியில் வகுப்புத் தொடங்குகிறது. என்னிடம் பள்ளிக்கூடத்து ஓ.எல். சான்றிதழ் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு மார்கழியில் சோதனை. ஆனி மாதமே சண்டை மூண்டு நாங்கள் ஊரை விட்டு ஓடிவிட்டோம், உனக்குத் தெரியும். சான்றிதழ் இல்லாத பெரிய ஆட்களுக்கு அடிப்படைத் திறன் சோதனை ஒன்று வைக்கிறார்கள். வாசிப்பும் கணக்கும். ஐம்பது கேள்வி, முப்பது நிமிடம். முப்பது சரி வேண்டும். மூன்று தரம்தான் எழுதலாம். மூன்றும் தவறினால் கதவு பூட்டு.

வாசிப்பைச் சமாளிப்பேன். கணக்கு என்றால்தான் பயம். நீ கணக்கு ரீச்சர். உன் மச்சாளைக் கரையேற்று.

உன் அண்ணாவுக்கு மூச்சும் விடாதே. நான் தவறினால் பிளாஸா தேத்தண்ணிக் கடையில் ஊரே சேர்ந்து எனக்கு ஆறுதல் சொல்லும். அதை என்னால் தாங்க ஏலாது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
தங்கேஸ்வரி மச்சாள்


கல்லடி, மட்டக்களப்பு
19.02.2023

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதம் கிடைத்து, குசினிக்குள் நின்றே இரண்டு தரம் வாசித்தேன். இங்கே எல்லோரும் நலம். கால் நோ இருந்த இடத்தில் இருக்கிறது. புளிக் கதை முடியவில்லை.

நான் சிரிக்கவில்லை. அழுதேன் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆகவே எழுதவில்லை.

சரி, இனி நான் ரீச்சர். இத்துடன் நாற்பது கணக்கு வைத்திருக்கிறேன். பின்னம், சதவீதம், தசமம், அளவுகள். ஒவ்வொன்றையும் கொப்பியில் முழுதாகச் செய்ய வேண்டும். விடை பெரிதல்ல, மச்சாள். வழிதான் பெரிது. படிமுறை தெளிவாக இருந்தால் விடை பிழைத்தாலும் புள்ளி விழும். இருபத்தாறு வருடமாக இதைத்தான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு கணக்கை முடித்துச் சரிபார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். தெரியாத கேள்விக்குக் குருட்டு விடை போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். அப்படிச் செய்கிற பிள்ளையை நான் வாங்கில் ஏற்றி நிறுத்துவேன். உங்களை நிறுத்த ஏலாது, தூரம்.

அண்ணாவிடம் வாய் திறக்க மாட்டேன். போன ஞாயிறு அவர் போன் எடுத்து, "உன்ரை மச்சாள் கொஞ்ச நாளாய் ஒரு மாதிரி இருக்கிறா" என்றார். "வயசு அண்ணா" என்று சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

கொப்பியும் பென்சிலுமாக உங்களை நினைத்துப் பார்த்து மகிழும்
துர்க்கா


மில்லிக்கன்
19.03.2023

துர்க்கா ரீச்சருக்கு,

வயசோ? இருக்கட்டும், வைத்துக்கொள்கிறேன். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். பனி கரையத் தொடங்கிவிட்டது. உன் காலுக்கு நல்லெண்ணெய் போடு.

நாற்பது கணக்கும் செய்து இத்துடன் அனுப்புகிறேன். எங்கே வைத்துச் செய்தேன் தெரியுமா? பேஸ்மென்ரில், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு மேல் கொப்பியை வைத்து. மெசினை ஓடவிட்டால்தான் யாரும் கீழே வரமாட்டார்கள். இரண்டு கிழமை ஒவ்வொரு பின்னேரமும் ஓடவிட்டேன். உன் அண்ணா யோசித்துப் பார்த்துவிட்டு, "மெசின் ஊத்தை போகாமல் ஒண்டையே திருப்பித் திருப்பித் தோய்க்குது போலை" என்று திருத்துகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, மெசின் புதுப் பெண் மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போனார். நான் மேலே மரக்கறி வெட்டுகிற சாட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

சோதனை சித்திரை கழிந்து, மே மாதம் மூன்றாம் தேதி, புதன்கிழமை. வேலைக்கு லீவு போட்டாயிற்று. சதவீதம் இப்போது பயமில்லை. அட்சயா கடையில் முப்பது வீதக் கழிவு என்று ஒரு சட்டையைத் தூக்கியதும் நான் மனதில் கழித்து விலையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, யூ ஓகே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திருத்திக் கெதியாக அனுப்பு.

உன் பெரிய மாணவி
தங்கேஸ்வரி


கல்லடி
14.04.2023

அன்பு மச்சாள்,

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். மருத்துநீர் வைத்துக் குளித்து, பால்பொங்கல் பொங்கி, முதல் வேலையாக உங்கள் கொப்பித் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். எல்லோரும் சுகம்.

நூற்றுக்கு எண்பத்தேழு. கவலைப்படாதீர்கள், விடை ஒன்றும் பிழையில்லை. மாஜின் கோடு கீறாததற்கு ஐந்து குறைத்தேன். விடைக்குக் கீழே இரட்டைக் கோடு இல்லாததற்கு ஐந்து. பதினேழாம் கணக்கில் ஒரு படிமுறையை விழுங்கிவிட்டீர்கள், அதற்கு மூன்று. மச்சாள் என்று பார்க்க மாட்டேன்.

சோதனைக்குக் கோடு கீற அடிமட்டம் கொண்டு போங்கள். ஆறுதலாக எழுதுங்கள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

மாமாங்கப் பிள்ளையாருக்கு உங்கள் பெயரில் தேங்காய் உடைக்கப் போகும்
துர்க்கா


மில்லிக்கன்
07.05.2023

அன்பு துர்க்கா,

சோதனைக்கு முதல்நாளே உன் கடிதம் வந்து சேர்ந்தது. சந்தோஷம். எல்லோரும் சுகம்.

சோதனை எழுதினேன். எழுதியது எல்லாம் சரி, ஒன்றுகூடப் பிழையில்லை என்று அங்கே இருந்த பிள்ளையே சொன்னது. அடிமட்டம் கொண்டு போனேன். இன்னொரு தரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. முற்றத்தில் தக்காளிக் கன்று வைத்தோம். அணில் தோண்டிப் போட்டுவிட்டது. உன் அண்ணா அணிலோடு சண்டை. மழை பெய்கிறது.

நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள். என்னை நினைத்து யோசிக்காதே.

தங்கேஸ்வரி


கல்லடி
02.06.2023

அன்பு மச்சாள்,

நலம். வேறு எதையும் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

எழுதியது எல்லாம் சரியென்றால் ஏன் இன்னொரு தரம் வரச் சொன்னார்கள்? எனக்கென்ன, மண்டையில் களிமண்ணா? பக்கம் பக்கமாக எழுதுகிற நீங்கள் பதின்மூன்று வரியில் கடிதத்தை முடித்து, அதில் நாலு வரியை அணிலுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஏதோ நடந்திருக்கிறது. என்னிடம் மறைக்கிறீர்கள்.

கேள்வித்தாள் எப்படி இருந்தது? மாதிரித்தாள் ஒன்று இருந்தால் அனுப்புங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். திட்ட மாட்டேன். திட்டினாலும் அது கடலைத் தாண்டி வர மூன்று கிழமையாகும்.

உங்கள் உண்மைக்குக் காத்திருக்கும்
துர்க்கா


மில்லிக்கன்
28.06.2023

துர்க்கா,

எல்லோரும் சுகம், என் மனம் மட்டும் சுகமில்லை. சரி, சொல்கிறேன்.

முதல் தரம் தாளைத் தந்தார்கள். கணக்குச் செய்து பார்க்க வெறுந்தாள் கேட்டு வாங்கி, மாஜின் கோடு கீறினேன். ஒவ்வொரு கணக்கையும் முழுதாகச் செய்து, சரிபார்த்து, விடைக்கு இரட்டைக் கோடு போட்டு, பிறகு அடுத்ததற்குப் போனேன். என் வாழ்க்கையில் அப்படி வடிவாக எழுதியதே இல்லை. இருபத்திரண்டாவது கேள்வியில் மணி அடித்தது.

அங்கே அனுமதிப் பகுதியில் ஷிவானி என்று ஒரு பிள்ளை, சென்னைப் பக்கம். தாளைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க போட்ட இருபத்திரண்டும் கரெக்ட். ஒண்ணுகூடத் தப்பில்ல. ஆனா மீதி இருபத்தெட்டைத் தொடவே இல்லையே!" என்று அழமாட்டாக் குறையாகச் சொன்னது.

"தெரியாததுக்கு எப்பிடிப் பிள்ளை விடை போடுறது?"

"நாலுல ஒண்ணை டிக் பண்ணிட்டுப் போங்க ஆன்ட்டி. தப்பா இருந்தா மார்க் குறைக்க மாட்டாங்க."

"அது பொய்யெல்லே!" என்றேன். பிள்ளை இரண்டாம் தரத்துக்குத் தேதி குறித்துத் தந்தது.

இரண்டாம் தரம் போன புதன்கிழமை. இந்த முறை எல்லாவற்றுக்கும் விடை போடுவதென்று போனேன். கண்ணை மூடிக்கொண்டு ஓடின மாதிரித்தான். நன்றாகத் தெரிந்த சதவீதக் கணக்கைக்கூட வாசிக்காமல் போட்டுவிட்டு ஓடினேன். இருபத்தேழு. மூன்று காணாது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில், பின் சீற்றில் இருந்து நல்லாய் அழுதேன். பக்கத்தில் இருந்த சீனத்து அம்மா கண் துடைக்க ஒரு ரிஷூ எடுத்துத் தந்தா.

இனி ஒரே ஒரு தரம். செப்டெம்பர் முதலாம் தேதி. அது போனால் எல்லாம் போச்சு, துர்க்கா. திரும்பவும் கிறீம் போத்தல்தான்.

உன்மேல் ஒரு பிழையும் இல்லை. என் கை மெதுவு. மாதிரித்தாள் இத்துடன் இருக்கிறது, சும்மா பார்.

தங்கேஸ்வரி


மில்லிக்கன்
02.08.2023

அன்பு துர்க்கா,

அங்கே எல்லோரும் சுகந்தானே? ஐந்து கிழமையாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போனிலும் "ஓம் மச்சாள், இல்லை மச்சாள்" என்று இரண்டு சொல்லோடு போனை அண்ணாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். நான் தவறியதற்குக் கோபமா? அல்லது வெட்கமா? ரீச்சரின் மச்சாள் ஒரு சின்னச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டாள் என்று நினைக்கிறாயா?

இன்னும் முப்பது நாள் இருக்கிறது. கணக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வரி போடு.

தங்கேஸ்வரி


கல்லடி
06.08.2023

என் அருமை மச்சாள்,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் எழுதிக் கிழித்தேன். கச்சான் காற்று வீசுகிறது, தலையிடி, அதனால் பிந்திவிட்டது என்றெல்லாம் அவற்றில் பொய் எழுதியிருந்தேன்.

மாதிரித்தாள் வந்த அன்று, "ஐந்தாம் வகுப்புக் கணக்கு, இதற்கா இந்தப் பாடு?" என்று நினைத்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் முப்பது நிமிடம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மணி அடித்தபோது பத்தொன்பது செய்திருந்தேன். பத்தொன்பதும் சரி. மாஜின் என்ன நேர், படிமுறை என்ன அழகு! பத்தொன்பது, மச்சாள். இருபத்தாறு வருடச் சேவை. என்னைவிட நீங்கள் மூன்று கூட.

அறையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களைத் தவற வைத்தவள் நான். அடிமட்டம் கொண்டு போகச் சொன்னவள் நான். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் "உன்மேல் பிழையில்லை" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை இத்தனை நாள் வாய் திறக்க விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனம் நோகாதீர்கள். தொண்ணூறாம் ஆண்டு எழுத முடியாமல் போன சோதனையைத்தான் நீங்கள் அங்கே போய் எழுதினீர்கள். நானும் அந்தச் சோதனைக்குத்தான் உங்களுக்குப் படிப்பித்தேன். அது முடிந்துபோயிற்று, மச்சாள். அதற்கு இனி யாரும் புள்ளி போட வரமாட்டார்கள். இது வேறு சோதனை.

எட்டு நாள் இந்தத் தாளோடு மல்லுக்கட்டிவிட்டேன். இப்போது சொல்வதைக் கேளுங்கள். முதல் சுற்றில் கண்டவுடன் தெரிகிறதை மட்டும் போடுங்கள். உங்களை முறைக்கிற கேள்வியை நீங்களும் ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டாம் சுற்றில் திரும்பி வந்து, முடிந்ததைச் செய்யுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் மிச்சம் எல்லாவற்றுக்கும் கைக்கு வந்ததைப் போடுங்கள். அது பொய்யில்லை. பாவம் இருந்தால் என் தலையில் விழட்டும். நேற்று இப்படிச் செய்து பார்த்தேன், முப்பத்தொன்பது வந்தது. வீட்டுக்காரர் ஓடிவந்து ஏன் கத்தினாய் என்று கேட்டார்.

போய் எழுதுங்கள், மச்சாள். கெதியாக.

வெட்கத்தோடும் அன்போடும்
துர்க்கா


மில்லிக்கன்
24.09.2023

என் செல்லத் துர்க்கா,

முப்பத்தைந்து! முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிக்க வேண்டும். முப்பத்தைந்து! போனில் உனக்குக் கேட்டது பாதி அழுகை, மீதி உன் அண்ணாவின் சத்தம். ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன். நாங்கள் சுகம். கால் எப்படி?

உன் கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்தது உன் அண்ணா. சொந்தத் தங்கச்சியின் கையெழுத்து, மேலே என் பெயர். குசினி மேசையில் அதை வைத்துவிட்டு, "எனக்கு ஒரு வரி எழுதமாட்டாள், உமக்குக் கடிதமோ? அவளுக்கு ஏதும் வருத்தமோ, மறைக்காமல் சொல்லும்" என்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு மறைத்தால் நான் மனுசியே இல்லை. கடிதம், மெசின், இரண்டு தரம் தவறியது எல்லாவற்றையும் சொன்னேன். "இரண்டு தரமும் பஸ்ஸிலையோ போனனீர்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் தரம் அவர்தான் காரில் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமை பத்தரை மணி, சரியான ராகு காலம், வேறு நேரம் கிடைக்கவில்லை. நான் முனகினேன். "ஷெப்பேர்ட்டிலை ராகுவுக்குப் பார்க்கிங் கிடைக்காது, நீர் வாரும்" என்றார். அதற்குப் பிறகு வழி முழுக்க ஒரு சொல் பேசவில்லை. இருபத்துநாலு வருடத்தில் அவர் பத்து நிமிடம் தொடர்ந்து பேசாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

உள்ளே போய் நீ சொன்னபடி செய்தேன். ஆறாவது கேள்வி முறைத்தது. நானும் முறைத்துவிட்டுப் போனேன். துர்க்கா, அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனது எனக்கு இந்த ஊருக்கு வந்து இறங்கினதைவிடக் கஷ்டமாய் இருந்தது. அடுத்ததை விட்டது அவ்வளவு கஷ்டமில்லை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கடைசி இரண்டு நிமிடம், ஒன்பது கேள்விக்குக் கை போன இடத்தில் போட்டேன். பாவம் முழுக்க உன் தலையில்.

ஷிவானி தாளைத் திருத்தி முடித்ததும் எழும்பி வந்து, "ஆன்ட்டி!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டது. வெளியே வந்து உன் அண்ணாவிடம் சொன்னேன். அவர் காருக்குள் இருந்தபடி ஹோர்னை இரண்டு தரம் அடித்தார். பின்னேரத்துக்குள் பிளாஸாவுக்கே தெரியும். குழுவில் எண்பத்துநான்கு பேரும் கும்பிடு கை போட்டிருக்கிறார்கள்.

வகுப்புத் தொடங்கி ஒரு கிழமை. முதல் நாள் பாடத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். ஒரு தட்டில் எழுபது ஆயுதம் என்றால் எழுபதையும் எண்ண வேண்டும். எண்ணியதைத் திரும்ப எண்ண வேண்டும். ஒவ்வொரு படியையும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். "ஒரு படியையும் தாண்டக்கூடாது, தெரியாவிட்டால் ஊகிக்கக்கூடாது, ஒரு மனுசரின் வயிற்றுக்குள் போகிற பொருள் இது" என்று விரிவுரையாளர் மேசையில் தட்டித் தட்டிச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரம்! இதற்காகவா என்னை அந்த ஓட்டம் ஓடவிட்டீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. முதல் பயிற்சியில் பிழை விடாத ஒரே ஆள் நான்தான். சின்னப் பெட்டையள் எல்லாம் என்னிடம் வந்து எப்படி என்று கேட்கிறார்கள். மட்டக்களப்பில் எனக்கொரு ரீச்சர் இருக்கிறா என்று சொன்னேன்.

நேற்றுப் பின்னேரம் குசினி மேசையில் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மேசையில், துர்க்கா, எல்லோருக்கும் முன்னால். உன் அண்ணா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். அட்சயா கூட்டாளியோடு போனில் சிரித்துக்கொண்டு வந்தவளைக் கையைக் காட்டி நிறுத்தி, "சத்தம் போடாதை. அம்மா படிக்கிறா" என்றார். பிறகு ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து புத்தகத்தில் படாமல் தள்ளி வைத்துவிட்டு, கால் நுனியில் நடந்து போனார். சீனி போட மறந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே குடித்தேன்.

இப்போது விடு, துர்க்கா. திங்கட்கிழமைக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது.

உன் மச்சாள்
தங்கேஸ்வரி